திருகோணமலையிலிருந்து மலைநாட்டுக்கு வான் வண்டியில் ஆறுதலாக ஒரு சுற்று

திருகோணமலையிலிருந்து மலைநாட்டுக்கு ஏற வழிகள் பல உண்டு. படுக்கை, அடுப்பு, தண்ணீர் எல்லாம் ஏற்றிய வானுக்கு அவற்றில் சிறந்தது இது: ஏ6 வீதியில் கந்தளாய், ஹபரணை வழியே தம்புள்ளை, அங்கிருந்து ஏ9இல் மாத்தளை, கண்டி, பிறகு பேராதனையில் ஏ5. பலர் ஏ5ஐ நுவரெலியா றோட்டாகவே அறிவார்கள். ஆனால் அது நுவரெலியாவோடு நின்றுவிடுவதில்லை. வெலிமடை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா என்று இறங்கி, மட்டக்களப்புக்கு வடக்கே செங்கலடியில் முடிகிறது. அங்கிருந்து வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா வழியே கரையோர வீதியால் வீடு வந்து சேரலாம். போன பாதையில் திரும்ப வேண்டியதில்லை.

மொத்தத் தூரம், சிறு சுற்றுகளையும் சேர்த்து, 650 முதல் 700 கிலோமீற்றர். இதை நான்கு நாளில் ஓடி முடிக்கலாம். ஆனால் ஊர்களில் நின்று, சமைத்து, நடந்து பார்க்க வேண்டுமென்றால் பத்து நாள் ஒதுக்குங்கள். மலைக்குள் வானின் சராசரி வேகம் மணிக்கு 25 முதல் 30 கிலோமீற்றர்தான். ஆகவே சமவெளியில் ஒரு நாளைக்கு 150, மலையில் 50 என்று கணக்கிடுங்கள். எந்த நாளிலும் பிற்பகல் 2 மணிக்கு முன் ஓட்டத்தை முடித்துவிடுங்கள். மலையில் இடிமழையும் பனிமூட்டமும் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும். படுக்க இடம் கேட்டு அலையவும் பகல் வெளிச்சம் வேண்டும்.

போகும் காலம் பெப்ரவரி, மார்ச். நம் பக்கத்து மாரி ஓய்ந்திருக்கும். மேற்குச் சரிவுகளை நனைக்கும் தென்மேல் பருவமழை மே மாதத்தில்தான் தொடங்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கம்பளை, றம்பொடை பக்கம் ஈரமாக இருக்கும், பதுளை, வெலிமடை பக்கம் காய்ந்து கிடக்கும். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை ஊவாவிலும் கிழக்கிலும் மழை. அப்போது இந்தச் சுற்று வேண்டாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மாவட்டங்களில் மலை சரிந்து வீதிகள் உடைந்தன. அதனால் புறப்படும் முன் பாதை திறந்திருக்கிறதா, எங்கே ஒற்றை வழி என்று அனர்த்த முகாமைத்துவ நிலையத்திடம் 117இல் கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். ஏப்ரலில் புத்தாண்டை ஒட்டி நுவரெலியா நிரம்பி வழியும். வானை நிறுத்தக் கையளவு இடமும் கிடைக்காது.

வானைத் தயார் செய்தல்

நீளமான கேடிஎச் (டொயோட்டா ஹயேஸ்) வானில் முன் ஆசனங்களுக்குப் பின்னால் ஏறத்தாழ 3 மீற்றர் நீளம் கிடைக்கும். அதில் 6 அடிக் கட்டில் ஒன்றும், பின்கதவுப் பக்கம் சமையல் பெட்டி ஒன்றும் வைக்கலாம். பழைய டொல்பின் வானிலும் இருவர் தாராளமாகப் படுக்கலாம். கட்டிலையும் பெட்டியையும் வானின் உடலோடு வெல்டிங் செய்யாதீர்கள். ஆசனம் பூட்டும் துளைகளிலேயே போல்ட் போட்டு, கழற்றக்கூடியதாக வையுங்கள். வாகனத்தின் அமைப்பை நிரந்தரமாக மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி தேவைப்படும். இடையில் விபத்து நடந்தால் காப்புறுதியிலும் சிக்கல் வரும். பலகை 12 மில்லிமீற்றர் போதும். 18 மில்லிமீற்றர் போட்டால் பாரம் சும்மா கூடும்.

பாரம்தான் இந்தப் பயணத்தின் பெரிய எதிரி. எல்லாம் ஏற்றி, தண்ணீரும் நிரப்பி, ஆட்களும் ஏறிய பிறகு ஒரு நெல் ஆலையின் வே பிரிட்ஜில், அதாவது வாகனம் நிறுக்கும் தராசில், நிறுத்துப் பாருங்கள். முன் சில்லுகளை மட்டும் ஏற்றி ஒரு தடவை, முழு வானையும் ஏற்றி இன்னொரு தடவை. வண்டிப் புத்தகத்தில் உள்ள மொத்த நிறைக்குக் குறைந்தது 150 கிலோ கீழே இருக்க வேண்டும். கூடினால் முதலில் கழற்ற வேண்டியவை கூரைக் கரியரில் உள்ளவை. உயரத்தில் உள்ள பாரம் வளைவில் வானைச் சாய்க்கும்.

பிரேக்கைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மலையில் ஏற முடியாத வானால் பெரிய ஆபத்தில்லை. அது நின்றுவிடும், அவ்வளவுதான். இறங்க முடியாத வான்தான் ஆளைக் கொல்லும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். பதுளை ஏறத்தாழ 680. இரண்டரைத் தொன் வான் அந்த 1,200 மீற்றரை இறங்கும்போது வெளிப்படும் சக்தி முழுவதும் எங்கோ சூடாக மாறியே ஆக வேண்டும். எஞ்சின் அதைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் பிரேக் பாட்டுகள்தான் அதைச் சுமக்கும்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். புதிய டொட் 3 எண்ணெய் 205 பாகை செல்சியஸில் கொதிக்கும். ஈரம் ஏறியது 140இலேயே கொதிக்கும். கொதித்தால் குழாய்க்குள் நீராவி. பெடல் தரை மட்டும் போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு மேலான எண்ணெயை முழுவதும் மாற்றுங்கள். வானின் கையேடு இடம் கொடுத்தால் டொட் 4 போடுங்கள். அது புதிதில் 230, ஈரத்தோடு 155. திருகோணமலை வான்களுக்கு இன்னொரு வருத்தம் உண்டு: உவர்க்காற்று. அடிப்பக்கத்து இரும்புப் பிரேக் குழாய்கள் கிளிப் பிடிக்கும் இடங்களில் வெளியே தெரியாமல் துருப்பிடிக்கும். வானை உயர்த்தி, கிளிப்பை விலக்கி, துருவைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மேலால் பார்த்துவிட்டு "ஓக்கே" சொல்லும் கராஜில் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

டயரில் பூ 3 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மாற்றுங்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டிய டயர் பூ நிறைய இருந்தாலும் நம்பத்தக்கதல்ல. ரேடியேற்றரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓடுபவர்கள் கூலன்ட்டுக்கு மாறுங்கள். றம்பொடை ஏற்றத்தில் வெப்பமுள் உயர்ந்தால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டால் எஞ்சினின் சூடு கொஞ்சம் வெளியேறும். அப்படியும் குறையாவிட்டால் ஒதுக்கி நிறுத்துங்கள். ரேடியேற்றர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது.

மின்சாரம், காஸ், தண்ணீர்

ஒரு நாள் மின்தேவையைக் கூட்டிப் பாருங்கள். 12 வோல்ட் குளிர்ப்பெட்டிக்கு ஏறத்தாழ 500 வாட் மணி, 15 வாட் விசிறி 8 மணி நேரம் ஓடினால் 120, விளக்குகளுக்கு 40, தொலைபேசிகளுக்கு 60. மொத்தம் 720. லிதியம் அயன் பொஸ்பேட் பற்றரி 100 அம்பியர் மணிக்கு 1,280 வாட் மணி கொடுக்கும். அதில் 1,000ஐப் பயன்படுத்தலாம். அதே அளவு ஈய அமில பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் ஆயுள் விரைவில் முடியும்.

லிதியம் பற்றரியை, எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஓல்ட்டர்னேற்றரில் நேரே இணைக்காதீர்கள். அது இழுக்கிற அளவுக்கு இழுத்து ஓல்ட்டர்னேற்றரைச் சூடாக்கி எரித்துவிடும், முக்கியமாக மெதுவாக ஏறும்போது. நடுவில் 30 அம்பியர் டீசி டீசி சார்ஜர் வையுங்கள். இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஒரு நாள் தேவை நிரம்பிவிடும். வயர் 16 சதுர மில்லிமீற்றர் செப்பு. இரண்டு பற்றரிகளிலிருந்தும் ஒரு அடிக்குள் 50 அம்பியர் பியூஸ். பியூஸ் இல்லாத வயர் எங்காவது உராய்ந்து உடலில் பட்டால் வானே எரியும். சோறு சமைக்கும் மின்குக்கருக்கு இந்த ஏற்பாடு போதாது. அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

காஸுக்கு 2.3 கிலோ சிலிண்டர் இருவருக்குப் போதும். சிறிய அடுப்பு முழுச் சுவாலையில் மணிக்கு 150 கிராம் எரிக்கும். நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் பத்து நாள் வரும். சிலிண்டரை நிமிர்த்தி, வாரால் கட்டி, தரையோடு காற்றுத் துளை உள்ள பெட்டியில் வையுங்கள். காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில்தான் தேங்கும். மேலே உள்ள யன்னலைத் திறப்பது மட்டும் உதவாது. ரெகுலேட்டர் மாட்டும் ஒவ்வொரு முறையும் சவுக்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வண்டி ஓடும்போது சிலிண்டர் வால்வ் மூடியிருக்க வேண்டும்.

நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால் பருப்பும் கடலையும் திறந்த சட்டியில் அவிய வெகு நேரம் எடுக்கும். பிரஷர் குக்கர் கொண்டு போங்கள். காஸும் பாதிக்குக் குறையும்.

குளிருக்கு வானுக்குள் கரித்தணல் வைக்கவோ, அடுப்பை எரியவிட்டுத் தூங்கவோ கூடவே கூடாது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். நம் ஊர் வெயிலுக்குப் பழகிய உடம்புக்கு நுவரெலியாவின் பெப்ரவரி இரவு கடுமையாகத்தான் இருக்கும். சில விடியல்களில் புல்லில் உறைபனி கிடக்கும். ஆளுக்கு இரண்டு கம்பளி, மெத்தைக்குக் கீழே ஒரு தடித்த விரிப்பு, சுடுநீர் நிரப்பிய இறப்பர் பை. இவை போதும். இரண்டு எதிர்ப்பக்க யன்னல்களை இரண்டு விரல் அளவு திறந்து வையுங்கள். எல்லாவற்றையும் அடைத்தால் மூச்சின் ஈரம் கண்ணாடியில் வழிந்து மெத்தையை நனைக்கும்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லீற்றர்: குடிக்க 3, சமைக்கவும் கழுவவும் 7. இருவருக்கு 20 லீற்றர் கான் இரண்டு. இரண்டு நாளுக்கு ஒருமுறை நிரப்பினால் சரி. கானை முன்பின் சில்லுகளுக்கு நடுவில், தரையோடு வையுங்கள். கந்தளாய், ஹபரணைப் பக்கக் கிணற்று நீர் உப்புச்சுவையும் கடினமுமானது. குடிக்க வடிகட்டிய ஆர்ஓ தண்ணீரை நிரப்புங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரை வேறொரு கானில் பிடித்து, ஊரிலுள்ள வடிகானில் ஊற்றுங்கள். மலையில் நீங்கள் நிற்கும் ஓடைதான் கீழே ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்துக்குக் குடிநீர்.

பாதையில்

திருகோணமலையிலிருந்து விடிந்த பிறகு, 6 மணிக்கு மேல் புறப்படுங்கள். இருட்டோடு போக வேண்டாம். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில், அளுத் ஓயா, கல்ஓயா சந்திப் பக்கம், யானைகள் றோட்டைக் கடக்கும். முன்னால் யானை நின்றால் 100 மீற்றருக்கு அப்பால் நிறுத்தி, ஹோன் அடிக்காமல், லைற் வெட்டாமல் காத்திருங்கள். பின்னால் போக இடம் இருக்கட்டும். பழம், கரும்பு கொடுக்கக் கூடாது. உணவுக்காக வாகனத்தை மறிக்க யானை பழகுவது இப்படித்தான்; வானுக்குள் வாழைக்குலை மணத்தால் யன்னலுக்குள் துதிக்கை வரும்.

ஹபரணை 85 கிலோமீற்றர், மாத்தளை மேலும் 70. தம்புள்ளையில் மரக்கறி வாங்காதீர்கள். லீக்ஸ், கரட், முட்டைக்கோஸ் எல்லாம் மலையிலிருந்து அங்கே இறங்குபவைதான். இரண்டு நாளில் விளையும் இடத்திலேயே வாங்கலாம். நாலந்தையில் கெடிகே என்ற பழைய கற்கோயில் அருகே ஆறுதலாக நடக்க இடமுண்டு. முதல் இரவு மாத்தளை. முத்துமாரியம்மன் கோவிலின் மாசிமகத் தேரன்று ஐந்து தேர்கள் வீதியில் ஓடும். பார்க்க வேண்டிய திருவிழா. ஆனால் வானை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

கண்டி நகரை காலை 10 மணிக்கும் 12க்கும் இடையில் கடந்துவிடுங்கள். 1.30க்குப் பாடசாலைகள் விட்டதும் அந்த நெரிசலில் கிளச்சைக் கருக்க வேண்டியிருக்கும். கம்பளை தாண்டியதும் ஏற்றம் தொடங்கும். புசல்லாவையில் ஓர் இரவு தங்குங்கள். கொத்மலை நீர்த்தேக்கம் காலையில் தெளிவாகத் தெரியும். அடுத்த நாள் றம்பொடைச் சுரங்கவழி, நீர்வீழ்ச்சி, அனுமார் கோவில், லபுக்கலைத் தேயிலைத் தொழிற்சாலை என்று வெறும் 40 கிலோமீற்றரை ஒரு முழுப் பகலாக ஆக்கலாம். டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சின் மேலே போகப் போகச் சுமார் ஆறில் ஒரு பங்கு வலுவை இழக்கும். வான் மூச்சு வாங்கினால் பழுதென்று பயப்பட வேண்டாம்; ஒரு கியர் குறைத்து ஏறுங்கள். பின்னால் பஸ் வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி விடுங்கள்.

படுக்கும் இடத்தைப் பற்றி: வான் நிறுத்தி மின்சாரம் எடுக்கும் தளங்களை எதிர்பார்த்துப் போகாதீர்கள். சிறு விருந்தினர் விடுதியில் முற்றத்தில் நிறுத்த, குளியலறை பாவிக்க, எவ்வளவு என்று கேளுங்கள். அறை வாடகையைவிட மிகக் குறைவாகக் கேட்பார்கள். அடுத்தது கோவில் வளவு, பூசகரிடம் கேட்டு. இரவு முழுதும் திறந்திருக்கும் பெற்றோல் செட்டும் பரவாயில்லை. தோட்டப் பாதைகள் தனியார் நிலம். காரியாலயத்தில் அனுமதி வாங்காமல் உள்ளே தங்காதீர்கள். லயத்துக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுப்பது ஒருவர் வீட்டு முற்றத்தில் நின்று எடுப்பதுதான். பேசி, தேநீர் குடித்து, கேட்ட பிறகு எடுங்கள். எங்கே நின்றாலும் புதிதாக வெட்டிய மண்சுவரின் அடியிலும் ஓடைக்கரையிலும் வேண்டாம். சரிவில் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். காலையில் வெளியே போகும் திசையை நோக்கியே வானை நிறுத்துங்கள்.

நுவரெலியாவிலிருந்து சீதாஎலிய, ஹக்கலை தாண்டியதும் பெரிய இறக்கம். மேலே நின்றே இரண்டாம் அல்லது மூன்றாம் கியரில் போடுங்கள்; ஏறப் போட்ட கியரிலேயே இறங்குவது என்பதே விதி. எஞ்சின் சத்தம் கூடுவது நல்லது. அது வேலை செய்கிறது. பிரேக்கை மெல்ல மிதித்துக்கொண்டே வரக் கூடாது. வேகம் கூடியதும் அழுத்தமாக மிதித்து 10 கிலோமீற்றர் குறைத்து, முழுதாக விடுங்கள், பாட் ஆறட்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் பழக்கம் பல சாரதிகளுக்கு இருக்கிறது. மின்னியல் பம்ப் உள்ள எஞ்சின் கியரில் இறங்கும்போது டீசலே எடுப்பதில்லை, நியூட்ரலில்தான் எடுக்கும். எஞ்சினையும் நிறுத்தினால் பிரேக் பூஸ்டருக்கு உறிஞ்சல் போய், பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகும். எரிந்த நாற்றம் வந்தால் உடனே ஒதுங்கி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வெடிக்கும். ஆறும்வரை கைப்பிரேக்குக்குப் பதில் கியரும் கட்டையும் போதும். ஏறி வரும் வாகனத்துக்கு இறங்குபவர் வழிவிட வேண்டும்.

வெலிமடையிலிருந்து நேரே பதுளைக்கு இறங்கலாம். நாள் இருந்தால் பண்டாரவளை, அப்புத்தளை பக்கம் திரும்புங்கள். அப்புத்தளைக்கு அருகே தம்பேத்தன்னைத் தொழிற்சாலை 1890இல் தோமஸ் லிப்டன் கட்டியது. அதற்கு மேலே லிப்டன் சீட் என்ற காட்சி முனைக்குப் போகும் 7 கிலோமீற்றர் தோட்டப் பாதையில் வானை ஏற்றாதீர்கள்; எதிரே ஒன்று வந்தால் விலக இடமில்லை. முச்சக்கரவண்டி பிடியுங்கள், அல்லது விடியலில் நடங்கள். எல்லவுக்கும் வானை உள்ளே கொண்டுபோகத் தேவையில்லை. பண்டாரவளையில் நிறுத்தி, ரயில் ஓடுகிறதா என்று ஸ்டேஷனில் கேட்டு, இல்லாவிட்டால் பஸ்ஸில் போய் வாருங்கள். வரைபடச் செயலி காட்டும் குறுக்குவழிகளை நம்பாதீர்கள். நானுஓயாவுக்கும் தலவாக்கலைக்கும் இடையிலான ராதெல்ல குறுக்குவீதியில் 2023 ஜனவரியில் பஸ் மோதி ஏழு பேர் இறந்தார்கள்.

பதுளையில் டீசல் நிரப்பி, குடிதண்ணீரும் நிரப்புங்கள். பசறை, லுணுகலை வழி ஒடுக்கமானது. 2021 மார்ச்சில் பஸ் பள்ளத்தில் விழுந்தது பசறை 13ஆம் கட்டையில்தான். காலை 8 மணிக்கு மேல், பனி விலகிய பிறகு, மூன்றாம் கியரைத் தாண்டாமல் போங்கள். பிபிலையோடு மலை முடிந்துவிடும். வெயிலும் யானைகளும் திரும்ப வந்துவிடும். பிபிலையில் அல்லது மகா ஓயாவில் தங்கி, மகா ஓயா வெந்நீரூற்றைப் பார்த்துவிட்டு, புல்லுமலை, கரடியனாறு பகுதியைப் பகலில் கடந்து விடுங்கள்.

செங்கலடியிலிருந்து திருகோணமலைக்கு நூறு கிலோமீற்றருக்குச் சற்று மேல். பனிச்சங்கேணிப் பாலம், வாகரை, வெருகல், மூதூர். பிறகு 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம். மூதூர், கிண்ணியாவில் எருமைத் தயிர் வாங்குங்கள்.

வந்த மறுநாளே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மலைச் சேற்றின் மேல் உவர்க்காற்றுப் பட்டால் துரு இரட்டிப்பாகும். தண்ணீர்க் கான்களைக் காலியாக்கி மூடி திறந்து காயவிடுங்கள். லிதியம் பற்றரியை முழுதாக நிரப்பாமல், பாதி மட்டத்தில் கழற்றி வையுங்கள். பிறகு சில்லுகளைக் கழற்றி, பிரேக் பாட்டின் தடிப்பை அளந்து பாருங்கள். 3 மில்லிமீற்றருக்குக் கீழே இருந்தால் அடுத்த ஓட்டத்துக்குக் காத்திராமல் அன்றே மாற்றுங்கள்.